நாற்றம் வேறு, ஈரம் வேறு

அக்கா மகன் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அவன் போடுவது கறுப்புச் சட்டை, இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டை. வெளிர்நீலமும் சாம்பல் நிறமும் அலமாரியின் அடித்தட்டில் மடித்த மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. அந்த நிறங்களில்தான் அக்குள் ஈரம் தட்டு அகலத்துக்குப் படர்ந்து தெரியும். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், பையிலிருந்து மூன்று டியோ டப்பாக்களை எடுத்து மேசையில் வைத்தான்.

"சித்தி, மூணும் மாத்தி மாத்தி அடிச்சுப் பார்த்துட்டேன். பத்து மணிக்கே சட்டை நனைஞ்சுடுது. நீங்க கெமிஸ்ட்ரிதானே படிச்சீங்க, எதை வாங்கணும்னு சொல்லுங்க."

டப்பாக்களைத் திருப்பி, பின்புறம் பொடி எழுத்தில் இருந்த சேர்மானங்களைப் படித்தேன். ஆல்கஹால், வாசனைப் பொருள், பீய்ச்சி அடிக்க உதவும் வாயு. மூன்றிலும் இதே கதைதான். அலுமினியம் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. ஆறு மாதமாகப் பிள்ளை ஈரத்துக்கு வாசனை அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கடையில் எல்லாம் ஒரே தட்டில், ஒரே மாதிரி டப்பாவில் நிற்கின்றன. எல்லாவற்றையும் நாம் டியோ என்றே கேட்டு வாங்குகிறோம்.

நம் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இரண்டு வகை. முதல் வகை உடம்பு முழுக்க இருக்கிறது. 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை. உள்ளங்கையிலும் பாதத்திலும் மிக நெருக்கம். இதில் வருவது ஏறத்தாழ உப்புத் தண்ணீர்தான். உடம்பைக் குளிர்விப்பது இதன் வேலை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால் என்பதுதான் முக்கியம். சென்னைப் புழுக்கத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாக வழியில்லாமல் சொட்டுகிறது. உடம்பும் குளிராது, சட்டையும் காயாது. மதுரையில் இதைவிட உக்கிரமான வெயிலில் நின்றும் இவ்வளவு கசகசக்காததற்கு அங்கே காற்று உலர்ந்திருப்பதே காரணம்.

இரண்டாம் வகை அக்குள், தொடையிடுக்கு போன்ற சில இடங்களில் மட்டும் இருக்கிறது. பருவ வயதில்தான் வேலையைத் தொடங்கும். கொஞ்சமாக, சற்றுக் கொழகொழப்பாகச் சுரக்கும். அதற்கும் சுரக்கும்போது வாசனை கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று உடைக்கும்போதுதான் அந்த நாற்றம் பிறக்கிறது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதன் நுணுக்கத்தைக் காட்டினார்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியா, வியர்வையிலுள்ள மணமற்ற ஒரு மூலக்கூறை உள்ளே இழுத்து, தன்னிடமுள்ள நொதியால் வெட்டி, கந்தகம் கொண்ட ஒரு சேர்மமாக வெளியே விடுகிறது. வெங்காயம் அழுகினாற்போல வரும் வாடையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, சட்டையை நனைப்பது ஒரு சுரப்பி, நாற்றத்துக்குத் தீனி போடுவது இன்னொன்று. அளவு கடந்து வியர்ப்பவருக்கு நாற்றமே இல்லாமல் இருக்கலாம். வியர்வை தெரியாதவர் பக்கத்தில் நிற்க முடியாமலும் போகலாம். இதில் பரம்பரைக்கும் பங்குண்டு. ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் அக்குள் நாற்றம் மிகவும் குறைந்துவிடுகிறது. அதே மாற்றம் காதுக் குறும்பியையும் ஈரப்பிசுக்கு இல்லாமல் பொருபொருவென உலர வைக்கிறது. கொரியர்களிலும் ஜப்பானியர்களிலும் பெரும்பாலோர் இப்படித்தான். குறும்பியைப் பார்த்து அக்குளைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்பது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

டியோடரன்ட் என்பது நாற்றத்துக்கு. பாக்டீரியாவை அடக்கும், மேலே மணம் பூசும். ஒரு சொட்டு வியர்வையையும் அது நிறுத்தாது. ஈரத்தை நிறுத்துவதற்கு ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வேண்டும். அதற்குள் இருப்பது அலுமினிய உப்பு. அமெரிக்காவில் டியோடரன்ட்டை அழகுசாதனப் பொருளாகவும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டை மருந்தாகவும் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. உடம்பின் ஒரு வேலையை அது மாற்றுகிறதே!

எப்படி மாற்றுகிறது என்று பையனுக்குக் காட்ட, சமையலறையில் கிடந்த படிகாரத் துண்டை எடுத்தேன். ஒரு கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து, தொட்டி மண்ணைக் கொஞ்சம் கரைத்துக் கலக்கினேன். படிகாரத்தை அதில் நாலு சுற்றுச் சுற்றி எடுத்துவிட்டு ஓரமாக வைத்தோம். சில நிமிடங்களில் தண்ணீருக்குள் பஞ்சுத் துணுக்குகள் போல ஏதோ திரண்டது. துணுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பெருத்து, மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மெல்ல அடியில் இறங்கின. மேலே தெளிந்த தண்ணீர். வெள்ளக் காலத்தில் அம்மா குடத்துக்குள் படிகாரம் சுற்றியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அந்தப் பஞ்சுத் துணுக்கு அலுமினியம் ஹைட்ராக்சைடு. படிகாரம் என்பதும் ஓர் அலுமினிய உப்புதான். அமிலத்தன்மை இருக்கும்வரை அலுமினியம் தண்ணீரில் கரைந்தே இருக்கும். அமிலம் தணிந்ததும் கரைந்திருக்க முடியாமல் கூழாகத் திரளும். டம்ளரில் நடந்தது அக்குளிலும் நடக்கிறது. கரைசல் வியர்வைக் குழாய்க்குள் இறங்குகிறது, அங்கே அமிலம் தணிகிறது, வியர்வையின் புரதங்களையும் சேர்த்துக்கொண்டு கூழாக இறுகிக் குழாய் வாயை அடைக்கிறது. மேல்தோல் உதிர்ந்து புதிதாகும்போது அந்த அடைப்பும் சேர்ந்து உதிர்ந்துவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

எந்த உப்பு என்பது இங்கேதான் முக்கியமாகிறது. கடைகளில் கிடைக்கும் ரோல்-ஆன்களில் பெரும்பாலும் அலுமினியம் குளோரோஹைட்ரேட் இருக்கும். இதில் அமிலம் ஏற்கெனவே பெரும்பகுதி தணிக்கப்பட்டிருக்கிறது. எனவே தோலை அவ்வளவாக எரிக்காது. ஆனால் சீக்கிரமே கூழாகிவிடுவதால் குழாயின் வாசலிலேயே நின்றுவிடும். சாதாரண வியர்வைக்கு அது போதும். அலுமினியம் குளோரைடு கடும் அமிலத்தன்மை கொண்டது. கூழாகத் தாமதமாகும், அதற்குள் ஆழமாக இறங்கிவிடும், அடைப்பும் உறுதியாக இருக்கும். அதிகமாக வியர்ப்பவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் 20 சதவீத அளவில் எழுதித் தருவது இதைத்தான். எரிச்சலும் இதில்தான் அதிகம், ஏனென்றால் ஈரத்தோடு சேரும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது.

இந்த எரிச்சலுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து அறுவை மருத்துவர் ஒருவர், அறுவையின்போது கை வியர்க்காமலிருக்க இப்படி ஒரு திரவம் தயாரித்தார். அவர் மகள் எட்னா மர்ஃபி அதை ஓடொரோனோ என்ற பெயரில் விற்கக் கிளம்பினாள். 1912 கோடையில் அட்லான்டிக் சிட்டி கண்காட்சியில் கடை போட்டாள். முதலில் யாரும் சீண்டவில்லை. வெயில் ஏற ஏற விற்பனை சூடுபிடித்தது. ஆனால் அமிலத்தில் அலுமினியம் குளோரைடு கலந்த அந்தச் சிவப்புத் திரவம் தோலை எரித்தது, துணியையும் அரித்தது. அமிலத்தைத் தணித்த உப்புகள் அதன் பிறகுதான் வந்தன.

டப்பாவைத் தவிர என் அக்கா மகன் செய்த இன்னொரு தவறு, நேரம். காலையில் குளித்துவிட்டு, ஈரம் துவட்டியும் துவட்டாமலும் அடித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டை அப்படிப் போட்டால் கூழ் இறுகுவதற்குள் வியர்வை பொங்கி வந்து எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். போதாததற்கு ஈரத்தோலில் எரியும். ராத்திரி படுக்கப் போகும்போது வியர்வை அடங்கியிருக்கும். அக்குளைத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட்டு, மெல்லியதாகப் பூசிப் படுத்தால், தூங்கும் நேரத்தில் அடைப்பு நிதானமாக இறுகும். காலையில் கழுவிவிடலாம். கழுவினால் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். வேலை செய்வது குழாய்க்குள் இருப்பது, தோல்மேல் இருப்பது அல்ல. சில நாள் இரவுதோறும் போட்டு ஈரம் கட்டுப்பட்டதும், வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவு போதும்.

அக்குளை அடைத்தால் உடம்பு சூடேறாதா என்று அக்கா கேட்டார். உடம்பில் உள்ள லட்சக்கணக்கான சுரப்பிகளில் அக்குளில் இருப்பது சிறு பங்கு. மற்றவை பார்த்துக்கொள்ளும். அதோடு அடைப்பும் முழு அடைப்பல்ல. அமெரிக்க விதிப்படி வியர்வையை 20 சதவீதம் குறைத்தாலே ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்று விற்கலாம். 'கூடுதல் திறன்' என்று போட 30 சதவீதம் குறைய வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் '48 மணி நேரம்' என்ற வார்த்தையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் புற்றுநோய்ப் பயத்தையும் சொல்லியாக வேண்டும். அலுமினிய உப்பால் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்பதற்கு ஆய்வுகளில் தெளிவான சான்று கிடைக்கவில்லை. தோல் வழியாக உள்ளே போகும் அலுமினியம் மிக மிகச் சொற்பம். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. உள்ளே போனதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம்தானே.

டால்கம் பவுடர் ஈரத்தைக் கொஞ்ச நேரம் உறிஞ்சும், நிறுத்தாது. குளித்ததும் படிகாரக் கல்லை அக்குளில் தேய்த்துக்கொள்வது நாற்றத்துக்கு நல்ல வைத்தியம், பாக்டீரியாவை அடக்கும். சலூனில் சவரத்துக்குப் பின் தடவுவார்களே, அதே கல்தான். அளவு மீறிய வியர்வையை அடைக்கும் வலு அதற்குப் போதாது. சமையல் சோடா கலந்த 'இயற்கை' டியோக்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. தோலின் இயல்பு லேசான அமிலம், சோடா காரம். பலருக்கு அக்குள் சிவந்து தோல் உரிந்துவிடுகிறது.

ஏசி அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும், இரு பக்கமும் ஒரே மாதிரி, சின்ன வயதிலிருந்தே சொட்டச் சொட்ட வியர்க்கிறது, தூங்கும்போது மட்டும் நிற்கிறது என்றால், அது ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்ற மருத்துவ நிலை. சுரப்பிகளில் கோளாறில்லை. வியர்க்கச் சொல்லும் நரம்புதான் ஓயாமல் கட்டளையிடுகிறது. வீட்டில் இன்னொருவருக்கும் இருப்பது சகஜம். இதற்கு அலுமினியம் குளோரைடு, அது கேட்காவிட்டால் போடாக்ஸ் ஊசி, உள்ளங்கைக்கு மென்மின்சாரச் சிகிச்சை என்று வழிகள் உண்டு. கை நனைகிறதே என்று கைகுலுக்கக்கூடத் தயங்குகிற பிள்ளைகள் இதற்கு வைத்தியம் இருப்பதே தெரியாமல் வளர்வதுதான் என் வருத்தம். மாறாக, திடீரென்று புதிதாக ஆரம்பித்தால், அல்லது ராத்திரித் தூக்கத்தில் படுக்கை நனைந்தால், டியோ கடைப் பக்கம் போகவே கூடாது. காசநோய், தைராய்டு, சர்க்கரை தாழ்வது என்று பல காரணங்கள் இருக்கலாம். இருமலும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அக்கா மகனை முதலில் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். அலுமினியம் குளோரைடு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது. "சித்தி, வலது பக்கம் நெருப்பா எரியுது." விசாரித்தால், அன்று சாயங்காலம்தான் வலது அக்குளை மட்டும் சவரம் செய்திருக்கிறான், அதற்குள் யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டானாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் அமிலம் பட்டால் எரியத்தானே செய்யும். கழுவச் சொல்லி, அந்தப் பக்கம் இரண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொன்னேன். இப்போது புதன், ஞாயிறு இரவுகளில் மட்டும் போடுகிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தபோது அந்த வெளிர்நீலச் சட்டையைப் போட்டிருந்தான். இஸ்திரி மடிப்பு இன்னும் நெஞ்சில் குறுக்கே தெரிந்தது.