காற்றில் சாய்ந்து அமரும் வண்டி

நண்பன் ஒருவன் தன் பழைய பைக்கைக் 'கஃபே ரேசர்' ஆக்கிக்கொண்டு வந்து நின்றான். நீண்ட டேங்க், ஒருவர் மட்டும் அமரும் இருக்கை, அதன் பின்னால் திமில் போல ஒரு புடைப்பு, முட்டிக்கு அருகே தாழ்ந்து கிடக்கும் ஹேண்டில்பார். பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. தாம்பரத்தில் வாங்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் கிண்டி வரை ஓட்டினேன். குரோம்பேட்டையில் உள்ளங்கை மரத்தது. பல்லாவரத்தில் மணிக்கட்டு வலித்தது. கிண்டியில் இறங்கியபோது கழுத்து திரும்ப மறுத்தது.

வயதாகிவிட்டது என்று நண்பன் சிரித்தான். இருக்கலாம். ஆனால் இயற்பியலிலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்த அமரும் முறை மணிக்கு 160 கி.மீ. வேகத்துக்காகப் பிறந்தது. நான் ஓட்டியதோ முப்பதில்.

கஃபே ரேசர் பிறந்த கதை இது. லண்டனின் வடக்கு வட்டச் சாலையில் 1938இல் திறக்கப்பட்ட 'ஏஸ் கஃபே' லாரி ஓட்டுநர்களின் தேநீர்க்கடை. 1950களில் அங்கே மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் கூடத் தொடங்கினார்கள். மணிக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ., தொடுவதுதான் அவர்களுடைய லட்சியம். ஜூக்பாக்ஸில் காசு போட்டு, பாட்டு முடிவதற்குள் ஒரு சுற்று போய்த் திரும்ப வேண்டும் என்று பந்தயம் கட்டிய கதைகளும் உண்டு. இன்ஜினை மாற்றப் பணம் இல்லாதவர்கள் ஹேண்டில்பாரை இறக்கினார்கள். ஏன் அதை?

காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு வேண்டும். தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தவர் மணிக்கு 160 கி.மீ.யில் போக, காற்றைக் கிழிப்பதற்கு மட்டுமே 40 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். டேங்கின் மீது படுத்தால் ஏறத்தாழ 28 போதும். 1959இல் வந்த டிரையம்ப் போனவில் வண்டிக்கே 46 குதிரைத்திறன்தான். அதிலும் ஒரு பங்கை செயினும் டயரும் விழுங்கிவிடும். நிமிர்ந்திருந்தால் எட்டாக் கனி, குனிந்தால் கைக்கெட்டும் கனி. ஒரு ஸ்பேனர் செலவில் பத்துக்கு மேற்பட்ட குதிரைகள் கிடைத்தால் யார் விடுவார்கள்?

அதே கணக்கை 40 கி.மீ. வேகத்தில் போட்டால் தேவைப்படும் திறன் 64இல் ஒரு பங்காகிவிடுகிறது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒரு குதிரைகூடத் தேவையில்லை. நகரத்துக்குள் கஃபே ரேசரின் குனிவால் கிடைக்கும் லாபம் ஒன்றுமே இல்லை. நஷ்டம் மட்டும் இருக்கிறது.

70 கிலோ எடையுள்ளவரின் இடுப்புக்கு மேற்பட்ட உடல், தலை, கைகள் எல்லாம் சேர்ந்து சுமார் 45 கிலோ இருக்கும். 20 பாகை முன்னால் சாய்ந்தால் அந்தப் பாரம் அவரை முன்னோக்கிக் கவிழ்க்கப் பார்க்கும். அதைத் தடுக்க மார்பில் ஏறத்தாழ 16 கிலோ அளவுக்கு யாராவது பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கு 100 கி.மீ.யை நெருங்கும்போது காற்று அந்த வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்கிறது. ஓட்டுபவர் காற்றின் மேல் சாய்ந்துகொள்கிறார். கைகள் சும்மா இருக்கின்றன. 40 கி.மீ.யில் காற்று தருவது இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். மீதியை முதுகுத் தசை தாங்க வேண்டும். அது களைத்துவிட்டால் மணிக்கட்டு. பல்லாவரத்தில் நடந்தது இதுதான்.

கால்களுக்கும் இதில் பங்கு உண்டு. அசல் கஃபே ரேசரில் ஹேண்டில்பாரை இறக்கியவர்கள் ஃபுட்ரெஸ்டைப் பின்னால் தள்ளி வைத்தார்கள். பாதம் இடுப்புக்கு நேர் கீழே வந்துவிட்டால், தொடையால் டேங்கைக் கவ்விக்கொண்டு காலூன்றி உடலைத் தூக்க முடியும். பாதி பாரத்தைக் கால் வாங்கிக்கொள்ளும். பாதம் முன்னால் இருந்தால் அழுத்தும்போதெல்லாம் உடல் பின்னால்தான் போகும். என் நண்பனின் வண்டியில் ஹேண்டில்பார் மட்டும் இறங்கியிருந்தது, ஃபுட்ரெஸ்ட் பழைய இடத்திலேயே இருந்தது. கால் ஒரு காலத்திலும் கை வேறொரு காலத்திலும் இருந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது முதுகு. புதிதாக ஓட்டுபவர்கள் பட்டறையில் மாற்றிய வண்டிகளைத் தவிர்ப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். தயாரித்தவர் பதிவு செய்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆலையிலிருந்தே இந்த வடிவத்தில் வரும் வண்டிகள் இருக்கின்றன. இதற்கும் பழைய கதை ஒன்று உண்டு. பிரிட்டனில் 1961 முதல் பழகுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் 250 சிசிக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டத் தடை வந்தது. கற்றுக்குட்டிகளுக்கும் ஆசை இருக்குமே! 1960களின் நடுவில் அங்கிருந்த ராயல் என்ஃபீல்டு 'கான்டினென்டல் ஜிடி' என்ற 250 சிசி வண்டியை விற்றது. ஐந்து கியர், தாழ்ந்த ஹேண்டில்பார், சிவப்பு டேங்க். புதியவர்களுக்காகவே செய்த கஃபே ரேசர் என்று அதைச் சொல்லலாம். அதே பெயரை 2018இல் வந்த கான்டினென்டல் ஜிடி 650 சுமக்கிறது. 648 சிசி, 47 குதிரைத்திறன் கொண்ட அந்த வண்டி சென்னையை ஒட்டிய ஆலையிலிருந்து லண்டனுக்கே கப்பலேறுகிறது. பிரிட்டனில் இடைநிலை உரிமத்துக்கான உச்சவரம்பும் ஏறத்தாழ அந்த 47தான்.

எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது அதன் இரட்டைப் பிறவி இன்டர்செப்டர் 650. இன்ஜினும் சட்டகமும் ஒன்றே. ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட், இருக்கை, டேங்க் ஆகியவைதான் முக்கியமான வேறுபாடு. ஆய்வகத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துச் சோதிப்போம் அல்லவா? அந்தச் சோதனையைக் கடைக்காரர் தம் செலவில் செய்து வைத்திருக்கிறார். ஒரே நாளில் இரண்டையும், முடிந்தால் நெரிசலுள்ள சாலையில், அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எந்த வண்டியும் வலிக்காது.

திருப்பும்போதும் வேறுபாடு தெரியும். சற்று வேகமாகப் போகும் வண்டியை வலப்பக்கம் திருப்ப, வலக்கைப் பிடியை முன்னோக்கி மெல்லத் தள்ளுகிறோம். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் போக, வண்டி வலப்பக்கம் சாய்ந்து வளைகிறது. எல்லோரும் தெரியாமலே செய்வது இது. ஹேண்டில்பார் அகலமாக இருந்தால் சிறு தள்ளல் போதும், குறுகியிருந்தால் அதிக விசை வேண்டும். அதோடு, மணிக்கட்டில் பாரம் இறங்கிய ஓட்டுநர் கைகளை விறைப்பாக வைத்துக்கொள்வார். முன்சக்கரம் தானாகவே நேராகிக்கொள்ளும் இயல்புடையது; மேடு பள்ளத்தில் லேசாக ஆடித்தான் அது சமநிலை தேடும். விறைத்த கை அந்த ஆட்டத்தை அடக்கிவிடுகிறது. புதியவர் வளைவில் தடுமாறுவதற்குப் பயத்தோடு இதுவும் ஒரு காரணம்.

இனி எடை. ஓடும்போது தெரியாத எடை, நிற்கும்போதுதான் முகம் காட்டும். 210 கிலோ வண்டி சிக்னலில் 10 பாகை சாய்ந்தால் ஹேண்டில்பாரில் சுமார் 20 கிலோ விசை கொடுத்துத் தாங்க வேண்டும். 20 பாகை என்றால் 40 கிலோ. அதற்குப் பிறகு தாங்க முயலாமல் விட்டுவிடுவதே முதுகுக்கு நல்லது. ஆகவே முதல் வண்டி தேடுபவர், இருக்கை உயரத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. அகலமான இருக்கை தொடையை விரித்து, காலின் நீளத்தைத் திருடிவிடும். இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் அழுந்த வேண்டும். 650இல் அது முடியவில்லையென்றால் 400 சிசி பக்கம் போவதில் வெட்கம் இல்லை. டிரையம்பின் தரக்ஸ்டன் 400 அந்த இடத்துக்காக வந்ததுதான்.

கடையில் இன்னும் இரண்டு சோதனைகள். ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் டேங்கில் இடித்தால் குறுகிய தெருவில் வண்டியைத் திருப்பும்போது தினமும் இடிக்கும். அடுத்தது, சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி, ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து, டேங்கைத் தொடையால் கவ்வி, ஓட்டும் நிலையில் குனிந்து, கைகளை மட்டும் பிடியிலிருந்து எடுத்துவிடுங்கள். உடல் அப்படியே நிற்கிறதா? ஒரு நிமிடம் நின்றால் அந்த வண்டி உங்களுடையது. பத்து நொடியில் மூக்கு டேங்கை நோக்கிப் போனால், உங்கள் வழக்கமான சாலையில் அந்தப் பாரத்தைத் தாங்கப் போவது எது என்று தெரிந்துவிடும்.

நண்பனையும் அவன் வண்டியில் இந்தச் சோதனைக்கு உட்கார வைத்தேன். ஏழு வரை எண்ணினேன். போன வாரம் பரணில் தேடி, பழைய ஹேண்டில்பாரை எடுத்து மாட்டிவிட்டான். திமில் மட்டும் இருக்கிறது.