இறாலுக்கு மருந்து கேட்கும் முன் அதன் ரத்தத்தைப் பாருங்கள்

"இறால் மேல கருப்பா புள்ளி விழுதுங்க சார், ஏதாவது ஆன்டிபயாடிக் எழுதிக் குடுங்க." சேலம் மாவட்டத்தில் ஓமலூர், ஆத்தூர், எடப்பாடிப் பக்கம் பண்ணைக் குட்டையில் நன்னீர் இறால் விட்டிருப்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கருப்பு நிறத்தை உண்டாக்கியது இறாலின் உடம்பேதான். இது புரிந்தால் மருந்துக் கடைக்கு ஓட மாட்டீர்கள்.

இறாலுக்கும் நண்டுக்கும் நம்மைப்போல் ஆன்டிபாடி கிடையாது. கிருமியை எதிர்க்க அவற்றுக்குப் பெரும் துணை ரத்த அணுக்கள். அணுவுக்குள் இருக்கும் குருணைகளை (சிறு மணிகளை) வைத்து இவற்றில் மூன்று வகை: குருணை இல்லாதவை, கொஞ்சம் குருணை உள்ளவை, குருணை நிறைந்தவை. முதல் வகை கிருமியை விழுங்கும். குருணை உள்ளவை கிருமியின் நச்சு பட்டதும் வெடித்து, உள்ளே வைத்திருக்கும் நொதிகளைக் கொட்டும். அதிலிருந்து மெலனின் என்ற கருநிறப் பொருள் உருவாகிக் கிருமியைச் சுற்றி மூடும். உங்கள் கண்ணில் படும் கரும்புள்ளி அதுதான்.

இதற்கு உயிருள்ள கிருமி தேவையே இல்லை. ஏரோமோனாஸ், விப்ரியோ போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. செத்த பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கு உள்ளே போனாலே ரத்த அணுக்கள் கிளம்பிவிடும். சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு அழியாது. சிலந்திக்கு உறவான குதிரைலாட நண்டின் ரத்தம் இந்த நச்சால் உறைவதை 1956இல் பிரெடெரிக் பேங் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். ஊசி மருந்துகளில் நச்சு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அதிலிருந்து வந்ததுதான்.

நச்சைச் சந்தித்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி முடிச்சுகளாகி, செவுள்களில் போய்த் தங்கிவிடும். ஓடும் ரத்தத்தில் எண்ணிக்கை சடாரென்று குறையும். புதிய அணுக்கள் உருவாக அவகாசம் வேண்டும். அதற்குள் அடுத்த தாக்குதல் வந்தால் இறால் தாங்காது. நலமான இறாலின் ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கெட்டிப்படும். நோயுற்றதின் ரத்தம் தண்ணீராக ஓடும். உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கரைசல் கலந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், நலமானதில் குருணைகள் மினுமினுக்கும். மோசமானதில் நாலைந்து அணுக்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இந்த நிலையில் ஆன்டிபயாடிக் போட்டால் பாக்டீரியா சாகலாம். ஆனால் உடைந்த சுவரின் நச்சு மிச்சமிருக்கும். அதைக் கையாள வேண்டியதும் களைத்துப்போன இதே அணுக்கள்தான். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டும் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை என்பதையும் மறக்காதீர்கள்.

நம் மாவட்டத்தில் நான் அதிகம் கவலைப்படுவது குட்டையின் அடிச் சேற்றைப் பற்றித்தான். சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில் மிஞ்சும் மரவள்ளித் திப்பி சும்மா கிடைக்கிறதென்று கணக்கில்லாமல் கொட்டுகிறார்கள். தின்றது போக மீதி அடியில் அழுகுகிறது, பாக்டீரியா பெருகுகிறது, விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்குகிறது. சித்திரை வெயிலில் இது இன்னும் மோசம். வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிய இறால்கள்தான் முதலில் சாகும். எனவே தீவனத்தைத் தட்டில் வைத்து, மிச்சத்தைப் பார்த்துக் குறையுங்கள், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை இரவில் நிறுத்தாதீர்கள். அறுவடை முடிந்ததும் சேற்றை வாரி, தரை வெடிக்கும்வரை காயவிட்டுச் சுண்ணாம்பு போடுங்கள்.

சோதனைக்கு உயிருள்ள இறாலாக, நலமானதிலும் நோயுற்றதிலும் சில, ஆக்சிஜன் அடைத்த பையில் கொண்டு வாருங்கள். ஐஸில் வைத்த செத்த இறாலில் ரத்த அணுக்களைப் பார்க்க வழியில்லை.