முகூர்த்தம் குறிக்கும் முன் ஒரு வார்த்தை

அமெரிக்கக் குடியேற்ற வக்கீலான என்னிடம் அந்த அம்மா காகிதங்களை ஒரு தாம்பூலப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். பையின் மேல் மணமக்கள் பெயரும் கல்யாணத் தேதியும் அச்சிட்டிருந்தன. அவரிடம் கிரீன் கார்டு, அதாவது அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி, இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகள் மூலம் வந்தவர். ஊரில் இருக்கும் மகனுக்காக ஏழு வருடங்களுக்கு முன்பே, உறவினரை அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனு போட்டுவிட்டார்.

"இன்னும் ரெண்டு வருஷத்துல கூப்பிட்டுருவாங்கன்னு சொல்றாங்க தம்பி. போன ஆவணியில அவனுக்குக் கல்யாணத்தை முடிச்சுட்டோம். மருமகளையும் இதுலயே சேர்த்துடலாமா?" என்று கேட்டார்.

பையைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் தன் மணமாகாத மகனுக்கும் மகளுக்கும் மனு போடலாம். மணமான பிள்ளைகளுக்கு அவர் மனு போட அமெரிக்கச் சட்டத்தில் வழியே கிடையாது. அதனால் காத்திருப்பவர் தாலி கட்டிய அன்றைக்கே அந்த மனு தானாக ரத்தாகிவிடும். அப்போதே யாரும் கடிதம் போட்டுச் சொல்லவும் மாட்டார்கள். ஏழு வருடக் காத்திருப்பு அந்த முகூர்த்தத்தோடு முடிந்து போயிருந்தது. பின்னால் விவாகரத்து ஆனாலும் செத்த மனு உயிர் பெறாது.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது வேறு. அந்த அம்மா எப்போதோ குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கலாம். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் கடந்திருந்தது. ஆங்கிலத் தேர்வுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அவர் குடிமகள் ஆன பிறகு கல்யாணம் நடந்திருந்தால், மனு வேறு வரிசைக்கு மாறியிருக்கும், பழைய தேதியும் கையில் இருந்திருக்கும். வரிசை நீளம்தான், ஆனால் இடம் பறிபோயிருக்காது. மகள் பெயரிலும் தம்பிக்கென்று இன்னொரு மனு அன்றைக்கே போட்டு வைத்திருக்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு உறவினர் தனித்தனியாக மனு போடத் தடையில்லை, உடன்பிறந்தார் வரிசையில் கல்யாணம் ஒரு பொருட்டும் இல்லை. யாரிடமாவது ஒரு மணி நேரம் ஆலோசனை கேட்டிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும். ஜோசியரிடம் கேட்டார்கள், மண்டபக்காரரிடம் கேட்டார்கள். மனு போட்டிருக்கும் விஷயம் அந்தப் பேச்சில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"பதிவு பண்ணலையே தம்பி, கோயில்லதானே கட்டினோம்" என்றார் கடைசி நம்பிக்கையாக. பதிவு செய்யாவிட்டாலும் சடங்குப்படி நடந்த கல்யாணம் கல்யாணம்தான். தமிழ்நாட்டில் 2009 சட்டம் பதிவைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது, ஆனால் பதியாததால் திருமணம் செல்லாமல் போய்விடாது. அமெரிக்க அதிகாரிகளும் அது நடந்த ஊரின் சட்டப்படி செல்லுமா என்றுதான் பார்ப்பார்கள். இதை மறைத்து 'மணமாகாதவர்' என்று எழுதச் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் உண்டு. அது பொய்த் தகவல் கொடுத்த குற்றம். பிடிபட்டால் வாழ்நாள் முழுக்க விசா தடை வரலாம். பிடிபடாமல் உள்ளே வந்துவிட்டாலும், பல வருடம் கழித்து அதே மனைவியை ஸ்பான்சர் செய்யும்போது கல்யாணத் தேதி வெளியே வரத்தான் செய்யும்.

குடியேற்ற வேலையில் படிவம் நிரப்புவது பெரிய வித்தையே இல்லை. படிவங்கள் அரசு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. எளிமையான வழக்கைத் தாங்களாகவே நிரப்பி அனுப்பி வெற்றி பெற்றவர்கள் நிறையப் பேர். வக்கீலிடம் வாருங்கள் என்று நான் சொல்வது படிவத்துக்காக அல்ல. கல்யாணம், வேலை மாற்றம், ஊருக்கு நீண்ட பயணம், பிள்ளைக்கு 21 வயது நெருங்குவது என்று வீட்டில் நடக்கும் ஒவ்வொன்றும் மனுவை எங்கே தொடுகிறது என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், அதற்காக.

வரிசை என்றேன். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் குடிமகனின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள், குடிமகனுக்கு 21 வயது ஆகியிருந்தால் அவருடைய பெற்றோர், இவர்களுக்கு வருடத்துக்கு இத்தனை கிரீன் கார்டுதான் என்ற வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு எண்ணிக்கை உண்டு. வேலை வழியில் வருடத்துக்குச் சுமார் 1,40,000, அதில் மனைவி மக்களும் அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இந்தியர்களுக்கு வேலை வழி வரிசை பத்தாண்டைத் தாண்டி நிற்பது இதனால்தான். உங்கள் மனு (வேலை வழியில் பெரும்பாலும், அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்று காட்டும் தொழிலாளர் சான்றிதழ் விண்ணப்பம்) பதிவான நாளே உங்கள் இடம், அதைத்தான் ப்ரையாரிட்டி டேட் என்கிறார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டின் வெளியிடும். அதில் உங்கள் நாட்டுக்கு எந்தத் தேதிவரை கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே 'உங்கள் நாடு' என்பது பாஸ்போர்ட்டில் உள்ள நாடு அல்ல, பிறந்த நாடு. தமிழர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று பலருக்குத் தெரிவதில்லை. நம் குடும்பங்கள் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று பரவிக் கிடக்கின்றன. கோயம்புத்தூரில் பிறந்த ஒரு பொறியாளர், எச்-1பி வேலை விசாவில் எட்டு வருடமாகக் காத்திருந்தவர், வேறு ஏதோ சந்தேகம் கேட்க வந்தார். பேச்சுவாக்கில் மனைவி பிறந்த ஊரைக் கேட்டேன். யாழ்ப்பாணம் என்றார். கணவனோ மனைவியோ பிறந்த நாட்டின் வரிசையை மற்றவரும் பயன்படுத்திக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்திய வரிசையிலிருந்து அவரை எடுத்துவிட்டோம். எட்டு வருடமாக யாரும் அந்த ஒரு கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்த பிறகு, புதிதாக யார் வந்தாலும் என் முதல் கேள்வி 'நீங்க எங்க பிறந்தீங்க, அவங்க எங்க பிறந்தாங்க' என்பதுதான். ஆனால் பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் இப்படிப் பயன்படுத்த முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் ஒரே எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் சர்நேம் ஆகிவிடும், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயரே இல்லாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதை மாற்றிக் கொடுத்த தேதி ஒன்று, நிஜத் தேதி ஒன்று. இவற்றில் எதுவும் தீர்க்க முடியாதது அல்ல. பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்கலாம். பதிவே இல்லையென்றால் உள்ளூர் அலுவலகத்தில் 'பதிவு இல்லை' என்ற சான்றிதழ் வாங்கி, பள்ளி ஆவணமும் பெரியவர்களின் பிரமாணப் பத்திரமும் சேர்க்கலாம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். நேர்காணல் கடிதம் வந்த பிறகு ஊருக்கு ஆள் அனுப்பி அலைவது பெரிய பாடு.

கிரீன் கார்டு வாங்கிய பெற்றோர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டினால் போதும் என்று. போதாது. நிரந்தரக் குடியிருப்பு என்றால் இங்கே குடியிருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அட்டை திரும்பி வரச் செல்லாது. அதற்குக் குறைவாக இருந்தாலும், நிஜமான வீடு எங்கே என்று அதிகாரி கேட்கலாம். ஊரில் நீண்ட நாள் இருக்க வேண்டிய கட்டாயம் என்றால், கிளம்புவதற்கு முன் இங்கிருந்தபடியே ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக இரண்டு வருடத்துக்குக் கொடுப்பார்கள்.

விமான நிலையத்தில் வயதான பெற்றோரிடம் ஐ-407 என்ற படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதுண்டு. கிரீன் கார்டை நானே கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது அது. கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. மறுத்தால் குடியேற்ற நீதிபதி முன்னால் போய் வாதாட உரிமை இருக்கிறது. பதினெட்டு மணி நேரம் விமானத்தில் வந்த களைப்பில், மொழி புரியாமல், அதிகாரி கேட்கிறாரே என்று போட்டுவிடுகிறார்கள். உங்கள் அம்மா அப்பா விமானம் ஏறும் முன் தயவுசெய்து இதைத் தமிழில் சொல்லி அனுப்புங்கள்.

சரி, யாரிடம் போவது? அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மத்திய அரசின் சட்டம். அதனால் எந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீலும் எந்த மாநிலத்தவருக்கும் இந்த வேலையைச் செய்யலாம். உரிமம் உண்மையா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று அந்த மாநில வக்கீல் சங்க (பார்) இணையதளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். வக்கீல் அல்லாதவர்களில், அமெரிக்க அரசின் நீதித் துறை அங்கீகரித்த லாப நோக்கற்ற அமைப்புகளில் வேலை செய்யும் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் மட்டும் சட்ட ஆலோசனை சொல்லலாம். கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு அவர்கள் பெரிய துணை. கன்சல்டன்ட், டிராவல்ஸ், வரித் தாக்கல் செய்பவர், விவரம் தெரிந்த சித்தப்பா, இவர்கள் யாருக்கும் எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல உரிமை இல்லை.

உங்களுக்காக ஆஜராகும் வக்கீல் ஜி-28 என்ற படிவத்தில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுவார். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பவரிடமும், கட்டாயம் கிடைக்கும் என்று உறுதி சொல்பவரிடமும் அப்படியே. கட்டணம் எவ்வளவு, எந்த வேலைக்கு, அரசுக் கட்டணம் தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அனுப்பிய ஒவ்வொரு தாளின் நகலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கைவிட்டுப் போயிருந்தால் அரசிடமே உங்கள் கோப்பின் நகலை அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம்.

கம்பெனி வழியாகப் போகிறவர்களுக்கு ஒன்று. கம்பெனி அமர்த்திய வக்கீல் கம்பெனிக்கும் வக்கீல். அவர் கெட்டிக்காரராக, நல்லவராக இருக்கலாம். ஆனால் வேலையை விடலாமா, கம்பெனி எனக்காகப் போட்ட ஐ-140 மனு ஒப்புதல் ஆகி 180 நாள் ஆகிவிட்டதா, கம்பெனி திரும்பப் பெற்றாலும் என் தேதி நிற்குமா என்ற கேள்விகளை அவரிடம் மனம் திறந்து கேட்க முடியாது. அதற்குத் தனியாக ஒரு வக்கீலைப் பார்ப்பது துரோகம் ஒன்றும் இல்லை. தொழிலாளர் சான்றிதழ் கட்டத்துச் செலவையும் அதற்கான வக்கீல் கட்டணத்தையும் கம்பெனிதான் கட்ட வேண்டும் என்று 2007 முதல் விதி இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் பிடித்தால் கேளுங்கள்.

அந்த அம்மா குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தார். பேரப்பிள்ளை கேள்வி கேட்க, அடுப்படியில் நின்றபடி பதில் சொல்லிப் பழகினாராம். தேர்ச்சி பெற்று, மணமான மகனுக்கென்று புது மனு போட்டோம். தேதி புதுசு, இனிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். மகள் பெயரிலும் ஒன்று போட்டு வைத்திருக்கிறோம்.

முதல் சந்திப்புக்கு வரும்போது காலாவதியான பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து வாருங்கள். அரசிடமிருந்து வந்த எந்தக் கடிதத்தையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள். எப்போதோ விசா மறுக்கப்பட்டது, போலீஸ் கேஸ், முதல் கல்யாணம், சட்டப்படி தங்கும் அனுமதி (ஸ்டேட்டஸ்) இல்லாமல் இருந்த மாதங்கள், ஓட்டுநர் உரிமம் வாங்கப் போன இடத்தில் தெரியாமல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். வாக்காளராகப் பதிந்தது போலக் குடிமகன் என்று தவறாகச் சொல்லிக்கொண்டதற்கு இந்தச் சட்டத்தில் மன்னிப்பு இல்லை என்றே சொல்லலாம். அதனால் அதை மனு போடும் முன்பே எனக்குத் தெரிய வேண்டும். வக்கீலிடம் சொன்னது வெளியே போகாது. நீங்கள் என்னை அமர்த்தாமல் திரும்பிப் போனாலும் போகாது.