தூதரகம் ரூபாயில் தந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான்

மாணவர் பரிமாற்றம், கூட்டுக் கலைநிகழ்ச்சி, பத்திரிகையாளர் பயிலரங்கு என இரு நாட்டு மக்களை நெருங்க வைக்கும் வேலைகளுக்குத் தூதரகங்கள் தரும் மானியம் நம் ஊர்ச் சிறு அறக்கட்டளைகளுக்கும் கிடைக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பணமும் கணக்கில் விழுந்த பிறகு "சார், இதுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேணுமா?" என்று கோப்போடு வருகிறவர்கள் குறையவே இல்லை.

"சென்னையிலிருந்து ரூபாயிலதானே தந்தாங்க?" என்கிறார்கள். எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 பார்ப்பது கொடுப்பவர் யார் என்பதை. வெளிநாட்டு அரசு தந்தால், அது ரூபாய்க் காசோலையாக இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடை; அதை வாங்க இச்சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தப் பணத்துக்கு வரும் வட்டியும் அப்படியே. நட்பு நாடு, நல்ல நோக்கம், சின்னத் தொகை என்பதெல்லாம் செல்லாது. ஐ.நா., உலக வங்கி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதைக் கேள்விப்பட்டுத் தூதரகத்துக்கும் பொருத்திக்கொள்வதுதான் வினை.

அடுத்த யோசனை, "பதிவு உள்ள இன்னொரு சங்கம் வாங்கி எங்களுக்குத் தரட்டுமே." 2020 திருத்தத்தோடு அந்த வழி அடைபட்டது. ஒருவர் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றக் கூடாது; வாங்கும் அமைப்பிடமும் பதிவு இருந்தாலும் கூடாது. உதவ வந்த சங்கத்தையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

வழக்கமான பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டு செயல்பாடும், அந்த மூன்று நிதியாண்டுகளில் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். இல்லாதவர்களுக்கு முன் அனுமதி: படிவம் எஃப்.சி.-3பி, தொகையும் திட்டமும் குறித்த கொடையாளரின் உறுதிக் கடிதம், தர்ப்பண் எண் (தொண்டு அமைப்புகளுக்கான அரசு இணையதளப் பதிவு எண்), நிர்வாகிகளின் ஆதார். இந்த அனுமதி அந்தக் கொடையாளருக்கும் அந்தத் திட்டத்துக்கும் மட்டுமே. பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் எஸ்.பி.ஐ. புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கு; உள்ளூர்க் கிளை வழியாகவே திறக்கலாம். சட்டம் சொல்லும் 90 நாளை நம்பி நிகழ்ச்சித் தேதி குறிக்காதீர்கள். ஆறு மாதம் கையில் வையுங்கள்.

அமெரிக்க மானியம் என்றால் யு.இ.ஐ. எண்ணும் (அமைப்புகளுக்கு அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) வேண்டும். இலவசம்தான், தரகருக்குக் காசு தராதீர்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். 'டிரஸ்ட்' என்ற சொல் விடுபட்டாலே வாரக்கணக்கில் இழுக்கும்.

பட்ஜெட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிர்வாகச் செலவுக்கு நம் சட்ட உச்சவரம்பு 20%. 20 லட்சத்தில் 4 லட்சம். அமெரிக்க விதியில், அந்நாட்டு அரசிடம் தனியாக விகிதம் பேசி வைக்காத அமைப்பு 15% வரை மறைமுகச் செலவு, அதாவது வாடகை, கணக்கு வேலை போன்ற பொதுச் செலவு, கேட்கலாம் (2024 அக்டோபருக்கு முன் 10%). அதைப் போட்டுவிட்டு அலுவலக வாடகையையும் கணக்காளர் சம்பளத்தையும் நேரடிச் செலவில் நுழைத்தால் கொடையாளர் ஏற்றாலும் நம் தணிக்கையில் 20% தாண்டும். பயிற்றுநர் ஊதியம் நிர்வாகச் செலவில் சேராது. அதைத் தனித் தலைப்பில் காட்டுங்கள்.

பரிமாற்றப் பயணத்தில் அரசு ஊழியர் இருந்தால், வெளிநாட்டு விருந்தோம்பலுக்கு அவர் எஃப்.சி.-2 படிவம் வழியாக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு கேட்காதீர்கள்.

பணம் ஏற்கெனவே சாதாரணக் கணக்கில் விழுந்துவிட்டதா? ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம், வேறு கணக்குக்கும் மாற்ற வேண்டாம். கொடையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, தயவுசெய்து அன்றே உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.