இட்லி இறங்குகிறது, ரசம் சாதம் ஏன் புரையேறுகிறது?

இரண்டு வயதாகியும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தால்தான் குழந்தை சாப்பிடுகிறது. ஒரு சோற்றுப் பருக்கை நாக்கில் பட்டாலே குமட்டுகிறது. பேச்சும் ‘ம்மா’, ‘ப்பா’வைத் தாண்டவில்லை. இப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்கு யோசனைகளுக்குப் பஞ்சமே இருக்காது. “மென்னு தின்னாத்தான் நாக்கு திரும்பும்” என்பார் ஒருவர். “வசம்பைச் சுட்டு நாக்குல தேய்” என்பார் இன்னொருவர். “அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான், விடு” என்று பாட்டி முடித்துவைப்பார். எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் யாரிடம் போவது என்று தெரியாமலே மாதங்கள் ஓடிவிடுகின்றன. சாப்பாட்டுச் சிக்கலும் பேச்சுச் சிக்கலும் ஒரே வாயில் நடந்தாலும், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகிவிடாது. ஏன் என்று புரிந்துகொண்டால், எந்தத் தெரபி வேண்டும், எது வீண் செலவு என்று பெற்றோரே ஓரளவு எடைபோட முடியும்.

கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். ஒரு மேடு மேலே ஏறி இறங்குவது தெரியும். அதுதான் குரல்வளை. அது ஏறி இறங்கும் அந்த ஒரு நொடிக்குள் உள்ளே எவ்வளவோ நடந்துவிடுகிறது. நாக்கு உணவை உருட்டி, மேல் அண்ணத்தில் அழுத்திப் பின்னால் தள்ளுகிறது. பின்னண்ணம் உயர்ந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலும் முன்னும் நகர, அதன் மூடி சாய்கிறது. குரல்நாண்கள் இறுக மூடுகின்றன. மூச்சு நிற்கிறது. உணவுக்குழாயின் வாய் திறந்து கவளம் இறங்கியபின் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட தசைகளை மூளைத்தண்டு வரிசை தவறாமல் இயக்கினால்தான் இது நடக்கும். வரிசை கொஞ்சம் பிசகினாலும் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும். புரையேறினால் “யாரோ நினைக்கிறாங்க” என்று தலையில் தட்டுகிறோமே, அது இந்தப் பிசகுதான். எப்போதாவது வந்தால் இருமல் அதை வெளியே தள்ளிவிடும். ஒவ்வொரு வேளையும் வந்தால் அது பார்க்கவேண்டிய விஷயம்.

பச்சிளங்குழந்தைக்கு இந்த வேலை இன்னும் கடினம். அது உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிட்டு, மறுபடி உறிஞ்சவேண்டும். இந்த மூன்றும் ஒத்துப்போகும் திறன் கருவில் ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கைகூடுகிறது. குறைமாதக் குழந்தைகள் பால் குடிக்கத் திணறுவது அதனால்தான். அவர்களுக்குப் பாலாடையில், அதாவது நுனி குவிந்த சிறு கிண்ணத்தில், பால் கொடுப்பது நாட்டின் பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்றும் வழக்கம். தலையை உயர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகச் சாய்த்து, குழந்தை விழுங்கியபிறகு அடுத்ததைக் கொடுத்தால் அது நல்ல கருவி. அதே பாலாடையை வைத்துக்கொண்டு, குழந்தையைக் காலில் மல்லாத்தி, மூக்கைப் பிடித்துப் புகட்டுவது ஆபத்து. மூக்கை அடைத்தால் வாய் வழியாகத்தான் மூச்சு இழுக்கவேண்டும், அந்த மூச்சோடு பாலும் போகும். எண்ணெய் புகட்டுவது இன்னும் மோசம். அது தொண்டையில் உறுத்தாததால் பலமான இருமலைக் கிளப்பாமலேயே நுரையீரலில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். இதைப் பெரியவர்களிடம் சண்டை போடாமல், ஆனால் உறுதியாகச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இப்போது ரசம் சாதத்துக்கு வருவோம். மெத்தென்ற இட்லியை மெல்லத் தெரியாத குழந்தைகூட நாக்காலேயே அண்ணத்தில் நசுக்கி விழுங்கிவிடும். நெய் விட்டுக் குழையப் பிசைந்த பருப்பு சாதமும் அப்படித்தான், ஒரே உருண்டையாகச் சேர்ந்து போகும். ரசம் சாதத்தில் இரண்டு பொருள் இருக்கிறது. பருக்கையை நாக்கு ஓரப்பற்களுக்குத் தள்ளி மெல்லவேண்டும். அதற்குள் ரசம் காத்திராமல் தொண்டைக்கு ஓடிவிடும். அங்கே மூச்சுக்குழாய் இன்னும் திறந்திருக்கும். மென்றுகொண்டே திரவத்தை வாய்க்குள் பிடித்துவைக்கும் திறன் வந்த குழந்தைக்கே இது எளிது. பாலில் ஊறிய பிஸ்கட், முழுப் பருப்பு மிதக்கும் சாம்பார், நீர் விட்ட மோர் சாதம் எல்லாம் இந்த வகைதான். “இட்லி சாப்பிடுறவனுக்கு சாதத்துக்கு என்ன கேடு, அடம்” என்று திட்டு வாங்கும் குழந்தைகளில் பலர் அடம் பிடிக்கவில்லை. அவர்களுக்கு அது உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

உணவின் பதத்தை 0 முதல் 7 வரை பிரிக்கும் ஒரு சர்வதேச அளவுகோல் உண்டு. தண்ணீர் 0, நாம் சாப்பிடும் சாதாரண உணவு 7. கஞ்சியை 10 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி, 10 நொடி ஒழுகவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்த்தே அது எத்தனை கெட்டி என்று சொல்லிவிடலாம். மசித்த உணவில் சிறு குழந்தைக்குக் கட்டிகள் 2 மி.மீ. அளவைத் தாண்டக்கூடாது என்பதும் அதில் வருகிறது. நல்ல தெரபிஸ்ட் இந்த மாதிரி அளவுகளில்தான் பேசுவார்: இன்று கேழ்வரகுக் கூழ், அடுத்து கரண்டியால் மசித்த இட்லி, அப்புறம் குழைந்த பொங்கல், பருக்கை தெரியும் சாதம் என்று ஒவ்வொரு படியாக. இந்தப் படிகளை ரொம்பத் தள்ளிப்போடுவதிலும் சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கட்டியுள்ள உணவை முதல்முறை 10 மாதத்துக்குப் பிறகு ருசித்தவர்களுக்குப் பின்னாளில் சாப்பாட்டுத் தொல்லைகள் அதிகம் இருந்தன. அதற்காகத் தாமதித்தவர்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். ரொம்ப நாள் குழாய் வழியாகப் பால் குடித்த குழந்தைக்கு அந்த வயதில் வாய் அனுபவமே கிடைத்திருக்காது. அதுவும் பிறகு பழகிக்கொள்ளும், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

சரி, பேச்சு? நாக்கு, உதடு, தாடை, அண்ணம், குரல்வளை எல்லாம் அதே உறுப்புகள்தான். ஆனால் அவற்றை மூளை இயக்கும் விதம் வேறு. பதினைந்து மாதக் குழந்தைகளின் தாடைத் தசைகளில் மின்முனைகளை ஒட்டி அளந்து பார்த்திருக்கிறார்கள். மெல்லும்போது தாடையைத் திறக்கும் தசையும் மூடும் தசையும் மாறி மாறி வேலை செய்கின்றன. மழலை பேசும்போது அவை பெரும்பாலும் சேர்ந்தே இயங்குகின்றன. அந்த வயதிலேயே இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு வந்துவிட்டது. ஆகவே, பேச்சு வரவேண்டும் என்பதற்காக விசில் ஊதவைப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்சவைப்பது, நாக்கில் அதிரும் பிரஷ்ஷை வைப்பது போன்ற பயிற்சிகளுக்கு ஆதாரம் மிகவும் பலவீனம். வாரக்கணக்கில் இது மட்டுமே நடந்து, ஒரு சொல்கூடப் பயிற்றுவிக்கப்படவில்லை என்றால், இடத்தை மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேச்சு வரும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். இறுகிய ஒட்டு பால் குடிப்பதைக் கெடுக்கலாம், சில ஒலிகளையும் சிரமமாக்கலாம். சொல்லே வராத குழந்தைக்கு அது காரணமாக இருப்பது அரிது.

அப்படியானால் இரண்டு சிக்கலும் ஏன் பல குழந்தைகளிடம் ஒன்றாகவே வருகின்றன? பின்னால் ஒரு பொதுக் காரணம் இருப்பதால்தான். மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோமில் வரும் தசைத் தளர்ச்சி, பிளவு அண்ணம், ஆட்டிசம் என ஒவ்வொன்றும் இரண்டையும் வெவ்வேறு வழியில் தொடும். பிளவு அண்ணம் உள்ள குழந்தைக்குப் பால் மூக்கு வழியாக வரும், ‘ப’வும் ‘த’வும் மூக்கொலியாக ஒழுகும். அங்கே முதல் தேவை அறுவைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி அதற்குப் பிறகு. ஆட்டிசக் குழந்தை ஒன்று வெள்ளை நிறச் சாப்பாட்டை மட்டும் தின்னலாம். அதன் தசையில் குறை இருக்காது, மணமும் தொடுவுணர்வும் அதற்கு அளவுக்கு மீறி உறைக்கும். ஒரே அறிகுறி, வேறு வேறு மருத்துவம்.

பேச்சுக்கு எந்தத் தெரபியும் தொடங்குமுன் செவித்திறனைச் சோதிக்கவேண்டும். “பின்னாடி தட்டைத் தட்டினா திரும்புறானே” என்பது போதாது. உரத்த சத்தம் கேட்டு, ‘ச’வும் ‘க’வும் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு. தூங்கும்போதே செய்யக்கூடிய ஓஏஇ (உள்காதைப் பார்ப்பது), பெரா (ஒலி மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது) சோதனைகள் நம் பெரிய அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. நெருங்கிய உறவில் திருமணங்கள் நடக்கும் நம் ஊரில் பிறவிக் காதுகேளாமையை மறந்துவிட முடியாது. காது கேளாத குழந்தையின் மூளைக்கு, அறுவைச் சிகிச்சையில் பொருத்தும் காக்லியர் கருவி வழியாகவாவது ஒலியைக் கொண்டுசேர்க்க, வயது குறையக் குறைய நல்லது.

எப்போது போவது? 12 மாதத்தில் ‘பபப’, ‘தாதா’ போன்ற மழலையே இல்லை, விரல் நீட்டிக் காட்டுவதும் இல்லை என்றால். 16 மாதத்தில் ஒரு சொல்லும், 24 மாதத்தில் ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேர்வதும் இல்லை என்றால். வந்த சொற்கள் எந்த வயதிலாவது மறைந்துபோனால் அன்றே. நாலு வயதில் ‘வாளப்பளம்’ என்று சொன்னால் பயப்படவேண்டாம், ழகரமும் றகரமும் கடைசியில் வருபவை. சாப்பாட்டில் வேறு அடையாளங்கள்: ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரத்தைத் தாண்டுவது, சாப்பிட்டதும் குரல் கரகரவென ஈரமாவது, எடை ஏறாமல் நிற்பது, அடிக்கடி நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வருவது. உதடு நீலம் பூத்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். சில குழந்தைகளுக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமலே வராது. இதைக் கண்டுபிடிக்க, பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோவாகப் பார்க்கும் சோதனை உண்டு. அதைச் செய்யாமல் கட்டியுள்ள உணவுக்குப் போவது அந்தக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பல்ல.

போகவேண்டிய முதல் இடம் குழந்தை மருத்துவர். அவர் “பொறுத்துப் பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னால், எவ்வளவு நாள், எதைப் பார்த்துப் பொறுப்பது என்று கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கே வந்து குழந்தைகளைப் பார்த்து, மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. நேரடியாகவும் போகலாம், கட்டணம் இல்லை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் தெரபிஸ்ட் கிடைக்காத கிராமங்களுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர்களையே வீடு தேடி அனுப்புகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் ஓரளவு அடங்கும்.

தனியாரிடம் போனால் முதலில் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம், பதிவு பெற்றவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அப்புறம் இதைக் கேளுங்கள்: “குழந்தை சாப்பிடுவதைப் பார்ப்பீர்களா?” சாப்பாட்டுச் சிக்கலுக்கு வந்த குழந்தை ஒரு வாயாவது சாப்பிடுவதைப் பார்க்காமல் திட்டம் போடுபவர் ஊகத்தில் வேலை செய்கிறார். அறைக்குள் பெற்றோரை அனுமதிப்பதும் முக்கியம். வாரத்தில் இரண்டு முறை முக்கால் மணி நேரம் தெரபி என்றால், குழந்தை சாப்பிடுவதும் பேச முயல்வதும் பெரும்பாலும் வீட்டில்தான். கால் தரையில் ஊன்றி நிமிர்ந்து உட்காரவைப்பது, வேகவைத்த கேரட் துண்டை நடுநாக்கில் வைக்காமல் பக்கவாட்டு ஈறில் வைத்து நாக்கை அங்கே தேடிப்போகவைப்பது, “இன்னும்” என்ற சொல்லுக்காகக் கரண்டியைப் பிடித்தபடி ஐந்து நொடி காத்திருப்பது, இதையெல்லாம் அம்மாவும் பாட்டியும் கற்றுக்கொள்ளவேண்டும். போன் காட்டி ஊட்டினால் வாய் திறக்கும், ஆனால் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று குழந்தை கவனிக்காது.

வீட்டில் தமிழை விட்டு இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை, அம்மாவுக்கு இயல்பாக வரும் மொழியில்தான் குழந்தைக்கு அதிகச் சொல் கிடைக்கும். படம் தொட்டுப் பேசும் செயலி வைத்தால் சோம்பேறியாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகள் தமிழிலும் பேசும். அவற்றைப் பயன்படுத்திய குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சு குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். மூன்று நாள் என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரம், எங்கே குமட்டினான் என்று எழுதிய தாள், ஒரு முழுச் சாப்பாட்டை முகமும் கழுத்தும் தெரிய எடுத்த வீடியோ, அவன் சொல்லும் சொற்களின் பட்டியல் (அரைகுறையாகச் சொல்வதும் சேர்த்து), பிறந்த வாரம், எடை அட்டை, செவிச் சோதனை முடிவு. கூடவே அவன் வழக்கமாகச் சாப்பிடும் கரண்டி, விரும்பித் தின்னும் ஒன்று, துப்பிவிடும் ஒன்று, இரண்டையும் சின்ன டப்பாவில்.