பழ ஈயைப் பட்டினி போடும் புளியங்கொட்டை

நல்லா பழுத்த கொய்யாவ பிட்டுப் பாத்தா உள்ள வெள்ளையா புழு நெளியுமே, அது பழ ஈயோட புழு. வெளில தோல்ல ஒண்ணும் தெரியாது, ஊசி குத்துன மாதிரி ஒரு புள்ளி இருக்கும் அவ்ளோதான், தாய் ஈ அது வழியா முட்டைய உள்ள இறக்கிட்டுப் போயிருக்கும். அதுக்கப்புறம் அடிக்கிற மருந்து பெரும்பாலும் தோலோட நின்னுடும், புழு பாட்டுக்கு உள்ள சதைய தின்னுட்டே இருக்கும்.

மத்தியதரைக்கடல் பழ ஈன்னு ஒரு இனம் இருக்கு, சொந்த ஊரு ஆப்பிரிக்கா, பிரேசில்ல 1901லயே பதிவாகிடுச்சு. இத எதுத்து அங்க இருக்கிற ஆராய்ச்சியாளர்கள் கையில எடுத்தது நம்ம புளியங்கொட்டைய. 2005ல வெளிவந்த ஆய்வு அது.

கொட்டைக்குள்ள என்ன இருக்கு? விதைங்கறது அடுத்த செடிக்கான கட்டுச்சோறு, புரோட்டீன் நிறைய இருக்கும், அதனாலயே வண்டு, புழு எல்லாம் தேடி வரும். அத காக்க விதை தனக்குள்ளயே ட்ரிப்சின் இன்ஹிபிட்டர்னு, அதாவது ட்ரிப்சின வேலை செய்ய விடாம தடுக்கிற ஒரு புரோட்டீனையும் சேத்து வச்சுக்குது. ட்ரிப்சின்ங்கறது குடல்ல புரோட்டீன துண்டு துண்டா வெட்டுற என்சைம், ஒரு கத்தரிக்கோல்னு வச்சுக்கோங்க. 1945ல மோசஸ் குனிட்ஸ்ங்கற விஞ்ஞானி சோயா விதையிலருந்து இப்படி ஒரு இன்ஹிபிட்டர படிகமா பிரிச்சார், புளியங்கொட்டையில இருக்கிறதும் அதே குடும்பம்தான்.

சோயாவோடது வேலை செய்யற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அதோட உடம்புல ஒரு வளைவு வெளிய நீட்டிட்டு இருக்கும், நுனியில ஆர்ஜினின்ங்கற அமினோ அமிலம் (புரோட்டீன் சங்கிலியோட ஒரு கண்ணி). ட்ரிப்சின் வழக்கமா வெட்டுற இடமே ஆர்ஜினினும் லைசினும்தான், அதனால இதுவும் சாப்பாடுன்னு நெனச்சு கவ்விடும், ஆனா அந்த வளைவு அவ்ளோ விறைப்பா இருக்கறதால வெட்டவும் முடியாது விடவும் முடியாது, கத்தரிக்கோல் வாயில கூழாங்கல்லு மாட்டுன கதைதான்.

இது விஷம் இல்லங்க, பசி. வயிறு நிறைய தின்னும் புழுவுக்கு அமினோ அமிலம் சேராது, வளராது. பிரேசில் ஆய்வுல புழுவோட செயற்கை உணவுல 4 சதவீதம் இந்தப் புரோட்டீன கலந்தாங்க, எடை ஏறக்குறைய பாதியா குறைஞ்சுது, மூணுல ஒரு பங்கு புழு செத்துச்சு. எல்லாம் சாகாததுக்கு இது காரணமா இருக்கலாம், அந்த ஈயோட குடல்ல இருக்கிற செரிமான என்சைம் வேலையில பாதிய மட்டும்தான் இது நிறுத்துது, மீதி ஓடிட்டே இருக்கு. சில பூச்சிங்க இன்னும் ஒரு படி மேல போய், இந்த இன்ஹிபிட்டருக்கு மாட்டாத வேற என்சைம சுரக்க ஆரம்பிச்சிடும். அதனால இத தனியா நம்புறது சரியில்லன்னு நெனைக்கிறேன், சீனாவுல பருத்தியில பி.டி. (Bt) புரோட்டீனோட, அதாவது ஒரு பாக்டீரியாகிட்ட இருந்து எடுத்த பூச்சிக்கொல்லி புரோட்டீனோட, தட்டப்பயறு இன்ஹிபிட்டரையும் சேத்து வச்சதுதான் புத்திசாலித்தனம்.

பெரிய சிக்கல் வேற ஒண்ணு, இத புழுகிட்ட எப்படி கொண்டு போறது? இந்தப் புரோட்டீன ஸ்ப்ரேயா அடிச்சா தோல தாண்டாது. பொறியில இத கலந்து தாய் ஈக்கு குடுக்கலாம்னா, முட்டை முதிர அதுக்கு புரோட்டீன் வேணும்ங்கறதால அத வச்சுதான் தூண்டில் போடுவாங்க, ஆனா அது பெரும்பாலும் ஏற்கனவே உடைச்ச புரோட்டீன், அங்க செரிமானத்த தடுத்து பெருசா என்ன ஆகப்போகுது! அப்போ மரமே பழச்சதைக்குள்ள அந்தப் புரோட்டீன செய்யணும், அதாவது ஜீன மாத்தணும். 1987லயே தட்டப்பயறோட இன்ஹிபிட்டர் ஜீன புகையிலைக்குள்ள வச்சு காமிச்சுட்டாங்க, அந்த இலைய தின்ன புழு தேறல.

ஆனா ட்ரிப்சின் நம்ம குடல்லயும் இருக்கே. பச்சை சோயா தின்ன கோழிக்குஞ்சு சரியா வளராது, வேகவச்சு குடுத்தா வளரும், சூட்டுல இன்ஹிபிட்டர் குலைஞ்சு போயிடும். அதனால ஈயோட ட்ரிப்சின மட்டும் பிடிச்சு நம்மளோடத விட்டுடற ஒரு இன்ஹிபிட்டர தேடணும், ஏன்னா சோயாவ வேகவைக்கலாம், கொய்யாவ யாரு வேகவச்சு சாப்பிடுவா?