இமயத்துக்கு மூத்த ஆறுகள்

“மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே தண்ணீர் ஓடும்? இமயமலைக்கு வடக்கே பிறக்கும் சிந்துவும் சட்லெஜும் பிரம்மபுத்திராவும் மலையைத் தாண்டி எப்படித் தெற்கே வந்தன?” பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவருடைய பாடநூலில் ஆறுகளைப் பிரிக்கும் வழிகள் நிறைய உண்டு. சேரும் கடலை வைத்துப் பிரித்தால், இந்திய நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கின் நீர் வங்கக் கடலுக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி அரபிக் கடலுக்கு. வடிநிலம், அதாவது ஆற்றுக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பு, 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் பெரிய ஆறு, 2,000 முதல் 20,000 வரை நடுத்தரம். காவிரி பெரியது, வைகை நடுத்தரம். கிளைகள் விரியும் வடிவத்தை வைத்தும் பிரிக்கலாம். இவை எதிலும் மாணவியின் கேள்விக்கு விடை இல்லை. ஆற்றின் வயதைப் பார்க்க வேண்டும்.

இந்திய நிலத்தட்டு ஆசியாவின்மீது மோதத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இமயம் இன்றைய உயரத்தை எட்டும் முன்பே இந்த ஆறுகள் தெற்கே ஓடிக்கொண்டிருந்தன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். குறுக்கே மலை எழும்பியது, ஆறு விலகவில்லை. ஏன்?

ஆற்றின் வெட்டும் வலு இரண்டைப் பொறுத்தது: நீரின் அளவு, படுகையின் சரிவு. தரை உயர்ந்தால் அந்த இடத்தில் சரிவு செங்குத்தாகும். சரிவு கூடினால் வேகம் கூடும். வெறும் தண்ணீர் பாறையை அவ்வளவாக அரிப்பதில்லை. வெள்ளத்தில் உருண்டு வரும் கற்களே அடிப்பாறையை இடித்தும் தேய்த்தும் பெயர்க்கின்றன. வேகம் கூடினால் இன்னும் பெரிய கற்கள் உருளும். ஆக, மலை எழும்ப எழும்ப, தன்னை வெட்டும் ஆற்றுக்குத் தானே வலுவூட்டுகிறது! எழுச்சியும் வெட்டும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகள் கணக்கில் சேர்கின்றன. 8,126 மீட்டர் உயர நங்க பர்பத்தின் அருகே, சிகரத்துக்கு ஏறக்குறைய 7,000 மீட்டர் கீழே சிந்து ஓடுவது அப்படித்தான். நீர்வரத்து குறைந்த சிற்றாறுகளுக்கு இந்த வலு போதாது. அவை திசை மாறிவிடும்.

பேராறும் சில சமயம் பின்தங்கும். பிரம்மபுத்திராவுக்குத் திபெத்தில் சாங்போ என்று பெயர். நம்சா பர்வா சிகரத்தின் அருகேயுள்ள அதன் பள்ளத்தாக்குக்கு முன்பாக, ஆறு வரும் பக்கத்தில் துளையிட்டுப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. 500 மீட்டருக்கும் தடிமனான வண்டலின் அடியில் பழைய ஆழ்பள்ளம் ஒன்று புதைந்து கிடந்தது. 20 முதல் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மலை வேகமாக எழும்பத் தொடங்கியதும், ஆறு வரும் பக்கத்தில் சரிவு குறைந்து வண்டல் தேங்கியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

பாறைக்குள் துளையிடப் பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்ற கணக்கு அப்படியல்ல. அது ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. எல்லை தாண்டும் ஆறுகள் என்பதால் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களின் நீரோட்ட அளவுகள் இந்தியாவில் ரகசிய ஆவணங்கள். மாணவியின் அடுத்த கேள்வி “ஆறு எவ்வளவு வேகமாக வெட்டுகிறது?” என்றால், அதற்கு வேண்டிய எண்களில் பாதி பூட்டிய அலமாரியில் இருக்கிறது. இந்தப் பூட்டு எனக்குப் பிடிக்கவில்லை.